பெயர் மாற்றியும் ஓடாத படம்

“சனிக்கிழமை, மாலை 4.10. டிரில் சார் வீடு. பென் டிரைவைச் செருகினோம். திரையில் ‘நோ டிவைஸ்’. மூன்று முறை. மூன்று முறையும் அதே.”

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதிய நான் தேதியையும் ஆண்டையும் விட்டுவிட்ட ஒரே பக்கம் அது. காரணம் டிரில் சார்தான். “எழுதுனது போதும் சார், வந்து வயரைப் பிடிங்க” என்று என் பேனாவைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவர் உடற்கல்வி ஆசிரியர், நான் சரித்திர ஆசிரியன். ஓய்வு பெற்றபின் இருவரும் திண்டுக்கல் டவுனுக்குள் குடிவந்துவிட்டோம். அவருக்கு ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். வடக்கே ஓர் ஊரில் அவள் கன்னியராகத் தன் முதல் வார்த்தைப்பாட்டை, அதாவது துறவற உறுதிமொழியை, கொடுத்தபோது அவருடைய மனைவி மட்டும் ரயிலேறிப் போய்வந்தார். டிரில் சார் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அந்தச் சடங்கு முழுவதையும் பென் டிரைவில் போட்டு மகள் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு வருடமாக அது அலமாரியில், அவருடைய விசில்களோடு ஒரு தகர டப்பாவுக்குள் கிடந்தது.

இப்போது அவளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை விடுமுறையில் வருகிறாள், நான்கு நாள் தங்குவாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“வந்ததும் ‘பார்த்தீங்களாப்பா’ன்னு கேட்பா சார். பார்த்துட்டேன்னு சொல்லணும். பொய் சொல்ல ஏலாது.”

என் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். “அன்னிக்குப் போகமாட்டேன்னு சொல்லிட்டு எங்க வீட்டு நாற்காலியில உக்காந்திருந்தேன். அதே நாற்காலியில உக்காந்துதான் பார்க்கணும்.”

அவர் வீட்டில் இருந்தது பழைய பெட்டி டிவியும் ஒரு டிவிடி பிளேயரும். விளையாட்டு விழாவில் அணிவகுப்புக்கு இசை போடுவதற்காக வாங்கிய பிளேயர் அது. முன்புறம் பென் டிரைவ் செருக ஒரு வாய் இருந்தது. அந்த வாயில் அதுவரை எதையும் செருகியதில்லை. நாங்கள் இருவரும் அதன் முன் குனிந்து கிடந்ததைப் பார்த்த அவர் மனைவி, “ரயில்ல போயி நிமிர்ந்து பார்த்திருக்கலாம். இப்ப பொட்டிக்குள்ள குனிஞ்சு தேடுறாரு. தேடட்டும்” என்று சொல்லிவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பேகம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாயின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். பென் டிரைவை மாட்டிப் பார்த்தவர், அதை வேறு முறையில் பார்மேட் செய்தால்தான் பழைய பிளேயருக்குப் புரியும் என்றார். அதற்கு முன் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும்.

டிரில் சார் சட்டென்று அதைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். “அழிக்கிறதா? இது ஒண்ணுதான் இருக்கு பாய்.”

“துணியை எடுத்து வச்சுட்டுத்தானே சார் பொட்டியைக் கழுவுறோம்? முதல்ல படத்தை எடுத்து என் கம்ப்யூட்டர்ல வச்சுக்கிறேன். கழுவிட்டு மறுபடி ஏத்திடுறேன்.”

ஒரு பிரதி போதாது, இரண்டு வேண்டும் என்றார் டிரில் சார். இரண்டும் ஓடுகிறதா என்று பாய் போட்டுப் பார்த்தபோது, அவர் திரைக்கு முதுகைக் காட்டி, கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். “நீங்க பாருங்க. சத்தத்தை மட்டும் குறைச்சுடுங்க.”

அன்று மாலை பிளேயர் பென் டிரைவை ஏற்றுக்கொண்டது. கோப்பின் பெயரும் திரையில் வந்தது. பொத்தானை அழுத்தினால், இந்த வகைக் கோப்பு ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இங்கேதான் நான் என் பங்குக்கு ஒரு பிழை செய்தேன். பிளேயர் வந்த அட்டைப் பெட்டியில், ஓடும் கோப்பு வகைகளில் ஒன்றாக ஏ.வி.ஐ. என்று போட்டிருந்தது. எங்கள் கோப்பின் பெயரோ எம்.பி.4 என்று முடிந்தது. வீட்டுக்குப் போய், என் கம்ப்யூட்டரில் அந்தக் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு ஏ.வி.ஐ. என்று போட்டேன். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயரைத் திருத்தித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கினால், மறுநாளிலிருந்து அவன் அந்தப் பெயர்க்காரன். முப்பது வருடம் அப்படிப் பழகிய கை. வேலை முடிந்தது என்றே நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை போட்டோம். அதே ஆங்கில வரி.

புதன்கிழமை நான் செய்ததைக் கேட்டுப் பாய் சிரித்துவிட்டார். “பேரை மாத்துனா சரக்கு மாறிருமா சார்? உள்ள இருக்கிறது அதேதானே!”

நானும் சிரித்தேன். டிரில் சார் சிரிக்கவில்லை. படத்தின் அளவைக் குறைத்து, உள்ளே இருப்பதையே பழைய பிளேயருக்கு ஏற்ற வகையாக மாற்ற வேண்டும், சில மணி நேரம் ஆகும் என்றார் பாய். வேலையை அவரிடம் விட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். வழியில் டிரில் சார் தானாகவே சொன்னார். “அன்னிக்கு அவளுக்குப் புதுப் பேரு வைப்பாங்கன்னு சொன்னாங்க சார். நான் தேடித்தேடி வச்ச பேரு. அது போறதை நானே போயி உக்காந்து பார்க்கணுமான்னு இருந்துட்டேன்.” தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினார். பிறகு, “பாய் சொன்னதைக் கேட்டீங்கள்ல?” என்றார்.

வியாழக்கிழமை காலை 10.35. டிரில் சார் வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்டு அணிந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. முகங்கள் கொஞ்சம் கலங்கித் தெரிந்தன, குரல் உதட்டுக்குச் சற்றுப் பின்னால் வந்தது. ஆனால் ஓடியது. பீடத்தின் முன் வரிசையாகப் பெண்கள். மடத்துத் தலைவி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். டிரில் சார் வைத்த பெயர் வந்தது. “இதோ வந்தேன்” என்று மகள் எழுந்தாள். நாற்காலியிலிருந்து இவரும் எழுந்துவிட்டார். அடுத்துப் புதுப் பெயரை அறிவித்தார்கள். அதையும் நின்றபடியே கேட்டார்.

“கொஞ்சம் பின்னால தள்ளுங்க சார்.”

அந்தக் கோப்பில் பின்னால் தள்ள முடியவில்லை. பொத்தானை அழுத்தினால் ஆரம்பத்துக்கே போய்விட்டது.

“அப்ப முதல்ல இருந்தே வரட்டும்.”

மீண்டும் நுழைவுப் பவனி, பாட்டு, பைபிள் வாசகம் எல்லாவற்றையும் தாண்டி அந்த இடத்துக்கு வந்தோம். மூன்று முறை. மூன்றாம் முறை அவர் மனைவியும் கரண்டியோடு வந்து கதவருகே நின்றார். “வெஞ்சனம் அடிப்பிடிக்கப் போகுது” என்றார். போகவில்லை.

சனிக்கிழமை நான் வேண்டுமென்றே அங்கே போகவில்லை. டிரில் சார் இறந்து இப்போது வருடங்கள் ஆகிவிட்டன. அந்தச் சனிக்கிழமை வாசலில் நடந்ததை எழுதி வைப்பதற்காக அவர் மனைவியையும் மகளையும் கேட்டேன். ஆட்டோ நிற்பதற்குள் அவர் வெளியே போய்விட்டார், அவள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே “பார்த்துட்டேன்” என்று சொல்லிவிட்டார். இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், பள்ளிக்கூடப் பிரேயரில் ஆள் கூப்பிடுவது போலப் புதுப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார் என்கிறார் மனைவி. அப்பா பழைய பெயரைத்தான் சொன்னார், வேறு எதையும் சொல்லவில்லை என்று மகள் எழுதியிருக்கிறாள். இருவரையும் மறுபடி கேட்டுவிட்டேன். இருவரும் மாற்றிச் சொல்லவில்லை. மூன்றாவது சாட்சி அந்த ஆட்டோக்காரர்தான். ஸ்டாண்டில் இரண்டு முறை விசாரித்தேன், இன்னும் விசாரிப்பேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.