சிட்டுவுக்கு வந்த புற்று

போன வாரம் எல்லை தாண்டி முதலமடை போயிருந்தேன். என் தங்கை சரசு அங்கே ஒரு மாந்தோப்பு வீட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் போன வருஷம் தொண்டைப் புற்றில் போய்விட்டார். இப்போது துணை சிட்டுதான் — அவர் வளர்த்த பெட்டை நாய்.

சிட்டுவுக்குப் பின்புறம் ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. பருவம் வந்திருக்கிறது என்று சரசு முதலில் விட்டுவிட்டாள். நிற்கவில்லை. பார்த்தால், பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு கட்டி...

வாடகை ஜீப்பில் மாட்டு டாக்டரிடம் தூக்கிப் போனோம். மலையாளி. சோதித்துவிட்டு, “கேன்சர்தான். பக்ஷே, இது ஒட்டுற கேன்சர்” என்றார்.

கேன்சர் ஒட்டுமா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“பேடிக்க வேண்டாம். மனுஷருக்கு ஒட்டாது. நாய்க்கு நாய் மட்டும்தான்.”

விளக்கினார். மற்ற புற்றெல்லாம் அந்தந்த உடம்பிலேயே பிறப்பது. இது அப்படியில்லை. நோயுள்ள நாயின் புற்றணுவே உயிரோடு அடுத்த நாய்க்குக் குடிபோகிறது. இணை சேரும்போது போகும். புண்ணை நக்கினாலும், மோந்து பார்த்தாலும் போகும்.

“ஊசி போட்டா மாறும். மருந்து கோயம்புத்தூர்ல கிட்டும்.”

சரசு அங்கேயே அழுதுவிட்டாள். மாறும் என்றால் அவர் பாஷையில் குணமாகும். அவள் கணவருக்கு எந்த டாக்டரும் சொல்லாத வார்த்தை அல்லவா அது?

ஜீப் டிரைவர் காதில் விழுந்தது பாதிதான் — ‘ஒட்டுற கேன்சர்’. பயம் பரவ நக்கவும் வேண்டாம், மோக்கவும் வேண்டாம். காது போதும்!

மறுநாள் காய் பறிக்க ஆள் வரவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் மட்டும் வந்து வேலிக்கு அந்தப்புறமே நின்றார்.

“அன்னைக்கே சொன்னனுங்க, உங்க மாப்பளைக்கு வந்தது தொத்துற சீக்குன்னு. நாய் அவரு கட்டிலுக்கடியிலயே கெடந்து இப்ப அதுக்கும் வந்துருச்சு. நாளைக்கு எங்கூட்டுப் புள்ளைகளுக்கு வந்தா?”

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “படிச்சவிங்க... சொல்லுவீங்க” என்றார்.

சரசு முன்னால் வந்தாள். “கட்டிலுக்கடியில அதாச்சும் கெடந்துச்சுங்க. நீங்க ஒரு நாளாச்சும் வாசப்படி தாண்டுனீங்களா?”

அவர் வேலியோரமாகவே திரும்பிப் போய்விட்டார்.

நான் பொள்ளாச்சி வழியாக பஸ் பிடித்து, கோயமுத்தூர் போய் மருந்தோடு மறுநாள் திரும்பினேன். வாசலில் சிட்டு சாக்குக்கு அடியில் கிடந்தது. வேலிக்கு மேலே யாரோ வீசிய கறித்துண்டில் விஷம்.

மாமரத்தடியில் இரண்டு பேரும் குழி வெட்டினோம். அவள் வீட்டுக்காரர் கட்டிய தாயத்துக் கயிறு சிட்டுவின் கழுத்தில் இருந்தது. அதை அவள் அவிழ்க்கவிடவில்லை.

“மருந்தக் கடையில திருப்பிக் குடுத்துறாதீங்ண்ணா. டாக்டர்கிட்டயே குடுங்க. இன்னொரு நாய்க்கு ஆகும்.”

என்னோடு வந்துவிடு என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

“ஒத்தையில இருக்கறயே, பயமா இல்லையா?”

“என்னங்ண்ணா பயம்? இங்கதான் ஒருத்தரும் வர மாட்டாங்களே!”