அப்பா முதலிடம் வந்த பந்தயம்

தேயிலை விலை விழுந்து, கீழ் கோத்தகிரி ஃபேக்டரிக்காரர்கள் இலை லாரியை நிறுத்திய பிறகு, அதை ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். ஒழுங்காக இருந்த கோழிக்கூண்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். என்னிடம் பேசுவதே குறைந்துபோனது. எனக்கு அது பொறுக்கவில்லை. எப்படியாவது அவரைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே ஸ்டியரிங்கும் பெடலும் வைத்துக் கார் பந்தயம் ஆடலாம். சந்தைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை நச்சரித்து உள்ளே இழுத்துப் போனேன். லாரி ஓட்டிய மனிதருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்பது என் நினைப்பு.

உட்கார்ந்ததும் அவர் ஹாரனைத் தேடினார். திரையில் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தார். எதிரே ஒரு வண்டி மேடேறி வந்ததும் ஓரங்கட்டி நின்றேவிட்டார்.

"நிக்காதீங்கப்பா, இது ரேஸு," என்றேன்.

"ஏறி வர்ற வண்டிக்கு வழி உடோணும் கண்ணு."

கடைசியாக வந்தார். பின்னால் காத்திருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அப்பாவோ நெடுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை ஓட்டலாமா என்று கேட்டார். நான் கடைக்கார அண்ணனிடம் ஓடி, அப்பாவை ஜெயிக்க வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் எதையோ தட்டி, எதிர்வண்டிகளை எடுத்துவிட்டு, விளையாட்டைச் சுலபமாக்கிக் கொடுத்தார்.

இந்த முறை கார் பறந்தது. பாதி வழியில் அப்பாவுக்குச் சந்தேகம் வந்து ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கார் தானாகவே வளைந்து போனது.

"தம்பி, அப்ப எனக்கு என்ன வேலை இதுல?" என்று கடைக்கார அண்ணனைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்ணா. நீங்க பெடல மிதிச்சுட்டு உக்காந்தாப் போதும். மிச்சத்த அதே பாத்துக்கும்."

அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். முதலிடம் என்று வந்தது. நான் கைதட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் எங்கப்பா ஃபர்ஸ்ட் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோற்றபோது தெளிந்திருந்த முகம் ஜெயித்த பிறகு ஏன் இப்படி வாடியது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருவேளை இதுவும் அவருக்குக் கஷ்டமாக இருந்ததோ என்னவோ, அடுத்த வாரம் இன்னும் சுலபமாக வைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.