டொராண்டோ – தாம்பரம்: பதினாறு மணி நேரம்

1. வியாழக்கிழமை விடியற்காலையில், தாம்பரம் வீட்டில் அப்பா இறந்தார்.
2. டொராண்டோவில் இருக்கும் அண்ணாவை அழைத்தேன். அங்கே அப்போது புதன் இரவு.
3. "இன்னிக்கு நைட் ஃப்ளைட்டையே பிடிக்கணுமா? காலையில கிளம்பினா போதுமா?" என்று கேட்டான்.
4. போனில் தேடினேன். பறக்கப் பதினாறு மணி நேரம் ஆகும் என்று இருந்தது. "காலையில போதும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வந்துடலாம்" என்றேன்.

அது நேராகப் பறந்தால் ஆகும் நேரம். அப்படிப் பறக்கும் விமானமே கிடையாது. நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் விட்டதைக் கண்டுபிடித்து, இப்படி எண் போட்டு எழுதுவதுதான் என் வேலை. நடுவில் ஓர் ஊரில் இறங்கிக் காத்திருக்கும் ஏழு மணி நேரத்தை நான் விட்டுவிட்டேன். அண்ணா டிக்கெட் போடும்போதுதான் அது தெரிந்தது. அதற்குள் இரவு விமானம் போய்விட்டது.

வெள்ளி மாலை, ஐஸ் பெட்டியின் அருகே பெரியப்பாவிடம் கெஞ்சினேன். "நாளைக்குக் காலையில எடுக்கலாம் பெரியப்பா."

"நாளைக்கு சனிக்கிழமைம்மா. யாரும் ஒத்துக்க மாட்டாங்க. மதியம் வந்துடுவான்னு நீதானே சொன்னே?"

ஐந்து மணிக்கு எடுத்தார்கள்.

அண்ணா எட்டரைக்கு வந்தான். கழுவிவிட்ட கூடம் இன்னும் ஈரமாக இருந்தது. பையைக் கீழே வைக்காமல், பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றான்.

"முகம் எப்படி இருந்துச்சு?"

"ஷேவ் பண்ணி விட்டிருந்தாங்க" என்றேன். பிறகு, "நான்தான் நேரத்தைத் தப்பா சொன்னேன்" என்றேன்.

"நானாவது பாத்திருக்கணும்" என்றான். அவ்வளவுதான். அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் அப்பாவின் முதல் வருஷத் திவசத்துக்கு வருகிறான். டிக்கெட்டை அவனே போட்டுவிட்டான். எத்தனை மணி நேரம் என்று என்னிடம் கேட்கவில்லை.