மூன்று முறை ஊற்றிய தேநீர்

கோகந்து நகரில் எங்கள் பீங்கான் பட்டறையில் நான் சூளை வைக்கிறவன். ஓய்னிசா கோப்பை வார்க்கிறவள். கூழாகக் கரைத்த வெள்ளை மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவாள். அச்சு ஈரத்தை உறிஞ்சி உள்ளே தோல் கட்டியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவாள். கடிகாரம் பார்க்க மாட்டாள். விளிம்பைப் பார்த்தாலே போதும் அவளுக்கு. பன்னிரண்டு வருடமாக இதே வேலை.

போன வருடம், கோப்பைமேல் பூசிச் சுடும் கண்ணாடி மெருகையும் நானே கலக்கிறேன் என்று முதலாளியிடம் சண்டை போட்டு அந்த வேலையை வாங்கினாள். முதல் நாற்பது கோப்பையும் மாமசோலியின் தேநீர்க்கடைக்குப் போயின. கெண்டிக்கும் கோப்பைக்கும் மூன்று முறை மாற்றி ஊற்றாமல் எங்கள் ஊரில் யாரும் தேநீர் குடிப்பதில்லை. இரண்டாவது தடவையே கோப்பை 'டிங்' என்றது. மெருகு முழுக்க மயிரிழை விரிசல்.

"என்ன தங்கச்சி, கோப்பை கேட்டா வாத்தியம் அனுப்பியிருக்க? கல்யாணத்துக்கு வாசிக்கவா?" என்றார் மாமசோலி. கடையே சிரித்தது.

முதலாளி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பாக்குறேன். அதுவும் பாடினா நீ மெருகுப் பக்கமே வரக்கூடாது."

"சூளைய நான்தான் சீக்கிரம் திறந்துட்டேனோ?" என்று ஓய்னிசாவிடம் கேட்டேன்.

"உங்க சூளைய விடுங்க அண்ணே. ஆறும்போது கோப்பையைவிட மெருகு அதிகமா சுருங்குது. தப்பு என்னோடது."

சுருக்கம் குறையட்டும் என்று மெருகில் படிகக்கல் தூளை ஒவ்வொரு கரண்டியாகக் கூட்டினாள். ஒவ்வொன்றையும் ஒரு கோப்பையில் பூசிச் சுட்டு, கொதிநீரில் போட்டெடுத்து வாய்க்கால் தண்ணீரில் முக்கினாள். எட்டு கோப்பை பாடின. ஒன்பதாவது வாயே திறக்கவில்லை. பத்தாவது மங்கிப்போனது. ஒன்பதாவது கலவையையே பிடித்துக்கொண்டாள். புது நாற்பது கோப்பையையும் அந்த மெருகில் முக்கியெடுத்து, சூளைத் தட்டில் ஒட்டாதபடி அடிப்பக்கத்தைத் துடைத்து என்னிடம் தந்தாள்.

சூளை ஆறியதும் முதலாளி, ஓய்னிசா, நான் என்று மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். மாமசோலி கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். கெண்டிக்கே திருப்பினார். மறுபடி ஊற்றினார். மூன்றாவது தடவை கோப்பையைக் காதோடு வைத்துக்கொண்டார். ஒரு சத்தமில்லை. விடாமல் நாற்பதிலும் ஊற்றிப் பார்த்தார் அந்த மனுஷன். நாற்பதும் ஊமை.

"என்னண்ணே, காது அடைச்சுக்கிச்சா?" என்றாள் ஓய்னிசா.

இந்தத் தடவை கடை சிரித்தது அவரைப் பார்த்து. அவரும் சிரித்தார். பெண்கள் உட்காராத, கடையின் பெரிய மரக்கட்டிலில் அவளை உட்காரவைத்து, எங்கள் ஊரில் மரியாதைக்குரிய விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல் கோப்பையில் கொஞ்சமே ஊற்றி, நெஞ்சில் கை வைத்து நீட்டினார். அவள் நிதானமாகக் குடித்தாள்.

 திரும்பி வந்ததும் பட்டறை வாசலில் முதலாளி அவளிடம் கேட்டார்: "நீல மெருகு ஒண்ணு வேணும். எத்தனை நாள்ல தருவ?"

"ஆகிற நாள் ஆகட்டும். நடுவுல வந்து கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதலாளி தலையாட்டினார்.