குழந்தைகள் அறையை மூடிய படம்

போவன்பள்ளி வீட்டில் என் மருமகள் சாப்பாட்டு மேசையையே ஆபீஸ் ஆக்கிவிட்டாள். மேலதிகாரிகளுக்குக் கொடுக்கவேண்டிய அறிக்கைப் படத்தை, கணினியில் போடுவதற்கு முன்னால் தாளில் மார்க்கர் பேனாவால் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்பிரிட் வாசனை என் ரசத்தின் வாசனையையே அமுக்கிவிட்டது.

“அத்தை, இதப் பாத்தவொடனே என்ன தோணுது?”

ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் கேட்டேன். “சிவப்பா இருக்கே, அது நல்லதா, கெட்டதா?”

“கெட்டதுதான். இது யாருக்குத் தெரியாது?” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை, பாவம்.

லாலாகுடா குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில் நான் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் ஆயாவாக இருந்தேன். விசிறிக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கென்று அங்கே ஓர் அறை. புளித்த பாலும் பவுடரும் கலந்த அந்த வாசனை, உங்களிடம் சொல்லும்போதே மூக்கில் ஏறுகிறது. தொட்டில் போதாமல் ஜன்னல் கம்பியிலெல்லாம் பழைய சேலையைக் கட்டித் தூளி ஆக்கியிருந்தோம்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். கேன்டீனோ, பஸ்ஸோ, பிள்ளைகள் அறையோ, இடம் இருந்தால் வாசலில் பச்சை அட்டை, நிரம்பிவிட்டால் சிவப்பு. எழுத்துத் தெரியாதவளுக்கும் அது புரியும். எங்கள் வாசலில் சிவப்பு அட்டை கழற்றப்படாமலே தொங்கி வெளுத்துப்போயிருந்தது.

ஆபீஸில் வசந்தா என்று ஒரு கிளார்க், மதுரைக்காரி. தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் போகும் அறிக்கை அவள் வேலை. என்ன வேண்டும் என்பதைத் தாளின் தலையில் ஒரே வரியில் எழுதுவாள். கணக்கெல்லாம் அதற்குக் கீழேதான். ஒரு மாதம் அவள் எழுதியது: ‘குழந்தைகள் அறை நிரம்பி வழிகிறது, இன்னொரு அறை வேண்டும்.’

புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். கலர் பிரிண்டரும் அவரோடுதான் வந்தது. புது மாப்பிள்ளை கழுத்துச் சங்கிலியைத் தடவுவதுபோல அதைத் தடவிக்கொண்டே இருப்பார். பிள்ளைகளின் வருகையைச் சொல்ல நான் போயிருந்தபோது, வசந்தா எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்தார்.

“சார், அது இருக்கட்டும் சார். அதானே விஷயம்?” என்றாள் வசந்தா.

“நக்கோ அம்மா, வேணாம். பெரியவங்க படிக்கமாட்டாங்க, பாப்பாங்க. படம் அழகா இருக்கணும்.”

அழகாகத்தான் இருந்தது. எங்கள் வழக்கப்படியே நிரம்பிய இடத்துக்குச் சிவப்பு. பிள்ளைகள் அறைக்கு நேரே குங்குமத்தைக் கொட்டியதுபோல. வெளியூரில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு எங்கள் அட்டை வழக்கம் தெரியுமா? சிவப்பென்றால் நஷ்டம் என்று எடுத்துக்கொண்டு, அறையை மூடச்சொல்லி உத்தரவு அனுப்பினார்கள். இன்னோர் அறை கேட்டோம். இருந்த அறையும் போயிற்று.

காயில் சுற்றும் யாதம்மா இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். “என்னம்மா இது? ரூமு நிண்டா, ரொம்பிப்போய்ப் பசங்க இருக்கு. கைக்கு, ஏன் மூடறாங்க?”

வசந்தா மேனேஜரிடம் ஓடினாள். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“புரியுதும்மா,” என்றார் மேனேஜர். “ஆனா ஆர்டர் வந்துடுச்சே. நீங்க தப்பாப் பாத்துட்டீங்கன்னு அவங்ககிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?”

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்ததைக்கூட விடுங்கள். தெரிந்த பிறகும்! பெரியவர்கள் முகம் வாடக்கூடாது, பிள்ளைகள் வெயிலில் வாடலாம். என்ன நியாயம் இது?

யாதம்மா பிள்ளையைச் சைக்கிள் ஷெட் நிழலில் படுக்கவைத்துப் பார்த்தாள். வாட்ச்மேன் விரட்டினார். மழைக்காலத்துக்குள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லாரும் போனார்கள். என்னைக் கேன்டீனுக்கு மாற்றினார்கள். ஒருநாள் வெளியாட்களுக்கு டீ வைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் சொல்வது காதில் விழுந்தது.

“இந்தப் பக்கத்து லேடீஸ் வேலைக்கு வர்றதில்ல சார். இன்ட்ரஸ்ட் இல்ல.”

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான், அன்றும் திறக்கவில்லை. இப்போது அந்தத் தொழிற்சாலையே இல்லை. கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்: வந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும், பால் கட்டிய மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு, தாழ்வாரம் அதிர ஓடி வந்தார்கள். அந்தக் காலடிச் சத்தம் கேட்டதுமே தூளிகளில் அழுகை நின்றுவிடும்.