திருப்பி அனுப்பிய பதிவுத்தபால்

எங்கள் தபால் நிலையத்தின் பின்னறையில் கடிதம் பிரிக்கும் மர அடுக்கு ஒன்று இருந்தது. காலை ஏழரைக்கெல்லாம் போஸ்ட்மாஸ்டர் அதன் முன்னால் நிற்பார். பிரிக்கத் தனியாக ஆட்கள் இருந்தும், பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கடிதங்களை மட்டும் யாரிடமும் விடமாட்டார். 'மாரியம்மா, இரண்டாம் டிவிஷன்' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த மாரியம்மா என்பது அவருக்குத்தான் தெரியும். குளுவாங்கிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் இருந்த அந்த டவுனில் நான் முகப்பில் தபால்தலை விற்றுக்கொண்டிருந்தேன். வயது இருபத்து மூன்று. அவரைக் கண்டால் பயம், கொஞ்சம் எரிச்சலும்கூட. முத்திரை கோணலாக விழுந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர்.

தோட்டத்தை விற்றுவிட்டபோது சனங்கள் டவுனில் இருந்த அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கடிதங்கள் மட்டும் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருந்தன. விதிப்படி அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் அனுப்பவில்லை. வேலை முடிந்ததும் மாடி மாடியாக ஏறிக் கொடுத்துவிட்டு வருவார். ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் அந்தத் துணிச்சலெல்லாம் ஓடிவிடும். "கவர்மெண்ட் லெட்டர்ல வெளையாடக் கூடாது" என்பார். அப்படித்தான் மார்க்கெட்டில் வடை சுடும் அக்காவுக்குப் பழைய தோட்டத்து முகவரியில் வந்த பதிவுத்தபாலில் 'முகவரியில் இல்லை' என்று குத்தித் திருப்பி அனுப்பினார். தினமும் அந்த அக்காவிடம்தான் வடை வாங்கித் தின்பார். வீடு எங்கே என்று தெரியாமல் இல்லை.

அது குடியுரிமை நேர்காணலுக்கான அழைப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் அக்காவிடம் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இல்லை, சிவப்பு ஐசிதான் இருந்தது. நேர்காணலுக்குப் போகாததால் மனு ரத்தானது. பத்து வருடக் காத்திருப்பு வீண். உறை திரும்பிப் போனதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் ஊர்த் தலைவரானார். குடியிருப்போர் சங்கம் தொடங்கினார். அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு தபால் பெட்டி வந்தது, தெருவிளக்கு வந்தது, தமிழ்ப்பள்ளி வாசலில் பஸ் நிற்க ஆரம்பித்தது. நகராண்மைக் கழகத்தில் போய் உட்கார்ந்தால் காரியம் முடியாமல் எழுந்திருக்கமாட்டார். அக்காவுக்குப் புது மனு நிரப்பி, ஒவ்வொரு வருடமும் தன் காரிலேயே ஜொகூர் பாரு பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விசாரித்துவிட்டு வருவார். பக்கவாதம் வந்த பிறகும் மகனை ஓட்டச் சொல்லிக் கூடவே போனார். ஊரே அதைப் பெருந்தன்மை என்றது. எனக்கோ, செய்ததை மறைக்கத்தான் இத்தனையும் என்று தோன்றும். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். இப்போது நான் குடியிருக்கும் ஸ்கூடாயிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரம் நிறைந்து கிடந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், பழைய தோட்டத்துச் சனங்கள் எல்லாரும் இருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் அக்கா. எழுபதைத் தொட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, இருபது வருடங்களாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"தெரியும்மா" என்றார் அமைதியாக. "மனு ரத்தாயிருச்சுன்னு வந்த கடுதாசிய அவரேதான் வீட்டுக்குக் கொண்டாந்தாரு. மொத லெட்டர நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன், மன்னிச்சிருங்கன்னு அப்பவே சொல்லிட்டாரு."

"மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"எங்க! மன்னிச்சேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நிம்மதியாத் தூங்கியிருப்பாரு லா. அப்புறம் என் ஃபைல யாரு கவனிச்சிருப்பா? ஒவ்வொரு வருஷமும் கார்ல ஏறும்போது கேப்பாரு. நீல ஐசி வரட்டும், பாப்போம்னு சொல்லிருவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நீல ஐசி இன்னும் வரல. அதுக்குன்னு இனிமேயும் அவரக் காக்க வெக்கலாமா?"

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பெட்டியில் கிடத்தியிருந்த அவர் காலடியில் நின்றார். மார்க்கெட்டில் கூவிப் பழகிய குரல், மெதுவாகப் பேச வரவில்லை.

"மன்னிச்சிட்டேன் சார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை.