ஒலந்தாக் கல்

மடவை மீனைக் கல்லில் வைத்துத் தேய்த்தால் செதில் தெறித்து முகத்தில் ஒட்டும், காய்ந்த பிறகு தோலை இழுக்கும். சின்ன வயசு என்றால் எனக்கு முதலில் அந்த இழுப்புதான் ஞாபகம் வருகிறது. அம்மா வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் அரிவாள், நான் எதிரில் உட்கார்ந்து செதில் எடுப்பேன். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். செதில் எடுக்கும் அந்தக் கல்லுக்குக் குப்பத்தில் "ஒலந்தா" என்று பேர். இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலும் இருந்தது. கருங்கல், மேலே என்னவோ எழுத்து வெட்டியிருக்கும். அந்த எழுத்தின் பள்ளத்தில் செதில் நன்றாகப் பிடித்து உரியும், அதனாலேயே அதற்கு மதிப்பு. அம்மி, உரல் மாதிரி ஒலந்தாவும் ஒரு சாமான் என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில், ஊரில் கோட்டை கட்டினவர்களை "டச்சுக்காரர்கள்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா வழி ஆட்கள் ஆந்திரக் கரையில் இருந்தார்கள், அவர்கள் "வலந்தாவாள்ளு" என்பார்கள். டவுனில் கைலிக் கடை வைத்திருந்த பாய் "வலந்தேஜி" என்பார். இதெல்லாம் ஒரே சனத்தின் பேர் என்றோ, எங்கள் கல்லும் அந்தப் பேரைத்தான் சுமக்கிறது என்றோ எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றாமலே மீன் அரிந்தோம்.

மழை விட்ட சமயம். பாய் ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு நண்டு வாங்க வந்தார். வயசானவர், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. டவுனில் இருக்கும் பழைய கல்லறைகளைப் பார்க்க வந்தவராம். நைனா வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்போம்.

"இன்னா பாய், எந்த ஊரு இவங்க?"

"நெதர்லாந்து. பள்ளமான நெலம்னு அர்த்தமாம். அங்க தண்ணி மேல, தரை கீழ."

"அப்ப நம்மாளுதான். ஒக்காரச் சொல்லு."

பாய் அதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டு நிறைய பேசினார். பாய் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். டச்சு என்பது இங்கிலீஷ்காரன் கூப்பிடுகிற பேர், ஆதியில் அதற்குச் சனங்கள் என்று மட்டும்தான் அர்த்தம். ஹாலந்து என்பது அந்த நாட்டில் ஒரு பக்கம், மரம் நிறைந்த நிலம் என்று வைத்த பேர்.

"அதத்தான் நம்ம பெரியவங்க ஒலந்தான்னாங்க," என்று முடித்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். தெரிந்த பேர் வந்துவிட்டது. "ஒலந்தா எங்கூட்ல கீது!" என்று கத்தினேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன், பாயும் கூடவே வந்தார்.

அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள், கல் மேல் பாதி அரிந்த மடவை கிடந்தது. ஓரத்தில் குடல். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு குனிந்து மீனை மெதுவாக நகர்த்திவிட்டு, விரலை எழுத்து எழுத்தாக ஓட்டினார். வாய் முணுமுணுத்தது. பாயிடம் ஏதோ சொன்னார். பாய் எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"கொழந்தையப் பொதச்ச எடத்துல வெச்ச கல்லாம். ஒரு வயசுப் புள்ள."

அம்மா எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, அதே வயசில் போனது. மணலில் புதைத்தார்கள். கல் வைக்கவில்லை, அடுத்த மழைக்கு இடம் தெரியாமல் போனது. அதைப் பற்றி அம்மா எங்களிடம் பேசினதே இல்லை.

பாய் சமாதானம் சொன்னார். "உடு தங்கச்சி. மலேயாவுல பெலிக்கட்னா கைலி. புலிகாட்டுங்கிற நம்ம ஊருப் பேர இடுப்புல கட்டிக்கினு தூங்குறான் அவன். நாம கோச்சிக்கினோமா?"

"துணி வேற பாய்," என்றாள் அம்மா. "அதுல யாரும் கொடல் எடுக்கல."

வெள்ளைக்கார அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு, நண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே நைனா சாம்பல் போட்டுக் கல்லைத் தேய்த்தார். அவரும் சித்தப்பாவும் கயிறு கட்டி, கழியில் மாட்டித் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அம்மாவும் நானும் பின்னால் போனோம். வழியெல்லாம் ஆட்கள் கேட்டார்கள். நைனா நடையை எட்டிப் போட்டார்.

காவல்காரர், "எந்தக் குழியோட கல்லு இது?" என்றார்.

"தெரியாதுங்க."

"அப்ப நான் எங்க வெக்கிறது?"

அதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. உள்சுவரில் சாத்தி வைத்தோம். அம்மா குனிந்து கல்லை மோந்து பார்த்தாள்.

"இன்னும் நாறுது," என்றாள்.

மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் கல்லைக் குப்புறப் புரட்டிப் போட்டுக்கொண்டு பழையபடி மீன் அரிந்தார்கள். நைனா அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் அத்தனை வருஷம் அரிந்தவர்கள்தானே.

இப்போது நைனா இல்லை, அம்மா இல்லை, பாயும் போய்விட்டார். சாத்தி வைத்த இடத்தில் அந்தக் கல்லும் இல்லை. குப்புறப் போட்ட கற்கள் புது வீடுகளுக்கு அடியில் போயிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் மேடை கட்டியிருக்கிறோம். எழுத்து ஒன்றும் கிடையாது, செதில் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் மருமகள் தினமும், "அத்தை, ஒலந்தாவக் கழுவிட்டேன்," என்கிறாள். குப்பத்தில் எல்லார் வாயிலும் அந்தப் பேர்தான். சிமெண்ட் மேடை என்று சொல்லடி என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

போன வாரம் டிவியில் கிரிக்கெட் ஓடியது. ஆரஞ்சு சட்டைக்காரர்கள் ஆடினார்கள். மருமகள் கையில் மடவையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நெதர்லாந்தாமே. அது எங்க கீது, அத்தை?"

"எனக்கு இன்னா தெரியும்," என்றேன். "போய் மீன அரி."